இரண்டு வருஷத்தில் டீச்சர்களே இருக்கமாட்டார்கள்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து அந்தச் செய்தியைச் சொன்னவர் ஜூன் மாதத்தில் கோட்டுப் போட்டிருந்தார். சிவகாசியில் ஜூன் மாதத்தில் கோட்டுப் போட்ட ஆளை அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அது என் கல்யாணத்தில். அன்று மாப்பிள்ளைக்கு வேறு வழியில்லை. இவருக்கு என்ன கட்டாயமோ தெரியவில்லை.

நான் தமிழ் டீச்சர். நாரணாபுரம் தாண்டிப் போகிற ரோட்டில் ஓர் உதவி பெறும் பள்ளியில் இருபத்தோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருடைய அப்பா அம்மா பட்டாசுக் கம்பெனிக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போகிறவர்கள். டீச்சர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் இருப்பவர்கள். சனிக்கிழமை மத்தியானம் தாளாளர் கூப்பிட்டால் வராமல் இருக்க யாருக்கும் தைரியம் கிடையாது. அதனால் அன்றைக்கு எல்லாருமே பத்தாம் வகுப்பு 'பி' பிரிவில் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

கோட்டுக்காரர் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். ஏ.ஐ. டீச்சர் என்று ஒரு பெட்டியை விற்கிற கம்பெனி. படம் காட்டத் திரை இல்லை என்றதும், கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பர்கள் உடுத்துகிற வெள்ளைத் துணியை பி.டி. சார் சுவரில் கட்டிக் கொடுத்தார். அதில் முதல் படமாக ஒரு கோடு வந்தது. கீழே இடது மூலையில் படுத்திருந்த கோடு வலது மூலையில் எழுந்து கூரைக்குப் போயிற்று.

"கீழ என்ன அளவு, பக்கத்துல என்ன அளவு?" என்று கணக்கு டீச்சர் கேட்டார்.

"அது எதிர்காலம்ங்க மேம்."

"அது சரி. அலகு?"

அவர் தண்ணீர் குடித்தார். பிறகு சொன்னார்: "ரெண்டே வருஷம்ங்க. ரெண்டு வருஷத்துல இந்த மாதிரி ரூம்ல டீச்சர்னு ஒருத்தர் நிக்க மாட்டாங்க. நான் பயமுறுத்தலைங்க. நானா சொல்லலை. உலகத்துலயே பெரிய பெரிய கம்பெனிக்காரங்க சொல்றாங்க."

"என்ன கம்பெனி?"

"ஏ.ஐ. கம்பெனிதாங்க."

அதில் இருந்த கோளாறு அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. எங்கள் கண்ணெல்லாம் அவர் மேஜைமேல் எடுத்து வைத்த பெட்டியில் இருந்தது. வெள்ளை நிறம். சாக்பீஸ் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. "வாழைப்பழம் பற்றி மூன்று வாக்கியம் சொல்" என்று அதனிடம் கேட்டார்.

பெட்டி பேசியது. பெண் குரல். வாழைப்பழம் என்ற சொல்லில் இரண்டு ழகரம் இருப்பதே அன்றைக்குத்தான் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். இரண்டும் நெய் தடவினமாதிரி வழுக்கிக்கொண்டு வந்தன.

எங்கள் பக்கத்தில் வாழைப்பழம் கிடையாது. வாளப்பளம்தான். மளை பெய்யும், கோளி கூவும். நான் தமிழ் டீச்சர் என்பதால் வகுப்பில் நாக்கை மடித்து ழகரத்தைப் பிடித்து வைத்திருப்பேன். ஆனால் கோபம் வந்தால் கை நழுவிவிடும். "ஏலே, கிளிச்சிருவேன்" என்றுதான் வரும். 'கிழிச்சிருவேன்' என்று நிதானமாகச் சொன்னால் எந்தப் பையன் பயப்படுவான்?

பெட்டி பேசி முடித்ததும் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். துக்க வீட்டில் பார்க்கிற பார்வை.

பி.டி. சார் மட்டும் கை தூக்கினார். "விசில் அடிக்குமா?"

"அடுத்த வருஷ அப்டேட்ல வருதுங்க."

பி.டி. சாரும் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். அவருடைய கம்பெனி நடத்துகிற பயிற்சியில் சேருகிறவர்கள் வேலை போன பிறகும் 'வழிகாட்டுநர்' என்ற பெயரில் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கலாமாம். நான் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் மட்டும் நிம்மதியாக டிபன் பாக்ஸைத் திறந்தார். "எனக்கு அடுத்த மே மாசம் ரிட்டயர்மெண்டு. அது வந்து சேர்றதுக்கு ஒரு வருசம் முன்னாடியே நான் போயிருவேன்" என்று சொல்லிவிட்டு எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டார். மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். எந்தச் செய்தியைச் சொன்னாலும் நாடி பிடித்துப் பார்க்கிற நிதானத்தில்தான் கேட்பார்.

"இத வாங்குனவரு சொன்னாரா, விக்கிறவரு சொன்னாரா?"

"விக்கிறவர்தான்."

"அப்பச் சரி" என்று பேப்பரைத் திருப்பினார்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. "போன வருசம் டாக்டர் ஒங்களுக்குப் பித்தப்பையில கல்லு இருக்கு, எடுக்கணும்னாரே. எடுத்தா அவருக்குத்தான காசு? அதுக்காகக் கல்லு இல்லாமப் போச்சா?"

அந்தக் கற்கள் இப்போதும் எங்கள் பீரோவில் ஒரு சின்ன பாட்டிலில் இருக்கின்றன. வருகிற விருந்தாளிக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். அதனால் இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. பேப்பரை மடித்து வைத்தார்.

"கல்லுக்கு ஸ்கேன் இருக்கு. வேணும்னா இன்னொரு ஆஸ்பத்திரில போய் எடுத்துப் பாக்கலாம். ரெண்டு வருசத்துக்கு எங்க போய் ஸ்கேன் எடுப்ப?"

நல்ல பதில்தான். ஆனால் பயந்துபோன ஆளுக்கு நல்ல பதில் எதற்கு? எனக்கு வேண்டியிருந்தது இன்னொரு தொழில். அதைக் கொண்டுவந்தவர் பி.டி. சார்.

"டீச்சர், அது பாடம் நடத்தும், பேப்பர் திருத்தும், எல்லாஞ் செய்யும். முட்டை போடுமா?" என்றார் திங்கட்கிழமை காலையில்.

போடாது என்று ஒப்புக்கொண்டேன்.

"எங்க மச்சினன் விருதுநகர்ப் பக்கம் வான்கோழிப் பண்ணை வச்சிருக்கான். ஒங்களுக்குன்னா கொறச்சுத் தருவான். ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. இன்னும் ரெண்டு வருசத்துல ஒருத்தரும் பிராய்லர் கோழி திங்க மாட்டாக. எல்லாம் வான்கோழிதான்."

சனிக்கிழமை ஒருவர் இரண்டு வருஷம் என்றார். திங்கட்கிழமை இன்னொருவர் அதே இரண்டு வருஷம் என்றார். இருபத்தோரு வருஷம் இலக்கணப் பிழை திருத்தியவளுக்கு இது கண்ணில் படவேண்டாமா? படவில்லை. அந்த வாரமே ஓர் ஆட்டோவில் நான்கு வான்கோழிகள் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கின. கணவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஸ்கேன் எடுத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

வான்கோழியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லாத ஒன்று உண்டு. சேவல் வான்கோழிக்கு யாராவது சத்தமாகப் பேசினால் பதில் சொல்லியே ஆகவேண்டும். எங்களுக்கு வாய்த்த நாலில் மூன்று சேவல். மொட்டை மாடியில் கம்பிவலை கட்டி விட்டிருந்தோம். சாயங்காலம் குடும்ப ஜெபம் முடிந்து என் கணவர் கனத்த குரலில் "ஆமென்" சொல்வார். மேலேயிருந்து மூன்று பேரும் "குலுகுலுகுலு" என்பார்கள். முதல் நாள் சிரித்துவிட்டோம். இரண்டாம் நாள் என் மகளுக்குச் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறிவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து என் கணவர் ஆமெனை உள்ளுக்குள் சொல்ல ஆரம்பித்தார்.

அதோடு நான் வேறு காலையில் மாடிக்குப் போய் ழகரப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். பெட்டியிடம் தோற்பது என்றால் போராடித் தோற்கலாம் என்று ஒரு வீம்பு. எனக்கு நானே ஒரு வாக்கியம் கட்டியிருந்தேன்: 'கீழத் தாழையில் ஏழு கோழி மழையில் அழுதன.' நான் "கீழத் தாழையில்" என்பேன். "குலுகுலுகுலு." "ஏழு கோழி" என்பேன். "குலுகுலுகுலு." நான் குரலை உயர்த்த, அவையும் உயர்த்தும்.

நாலாவது நாள் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "டீச்சர், காலையிலயே டியூசனா? புள்ளைக சத்தம் போட்டுப் படிக்குதுக, நல்லாருக்கு. என் பேரனையும் அனுப்பவா?"

இதற்குள் செய்தி ஊருக்குள் போய்விட்டது. பெட்டிக்குள் ஒரு டீச்சர் வந்திருக்கிறாள், மற்ற டீச்சர்களை எல்லாம் நிறுத்தப் போகிறார்கள் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் தேங்காய் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற ஒரு பிள்ளையின் அம்மா செய்ததுதான் பெரிய காரியம். அவர் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் வேலை பார்க்கிறவர். சாயங்காலம் கம்பெனி வேன் எங்கள் பள்ளி வாசலில்தான் ஆட்களை இறக்கிவிடும். இறங்கினவர் நேராக என்னிடம் வந்தார். விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே பேசினார்.

"டீச்சர், மனச விட்றாதீக."

"எதுக்கும்மா?"

"எங்க கம்பெனியில பேக்கிங்ல ஆள் கேக்காக. தீவாளிக்கு லோடு ஏறுற சீசன்ல. ஒங்களுக்காக நான் போர்மேன்கிட்டச் சொல்லி வச்சிட்டேன். தமிழ் டீச்சரு, டப்பாவுல லேபிள கோணாம ஒட்டுவாக, எளுத்து தலகீளா இருந்தா ஒடனே கண்டுபிடிச்சிருவாகன்னேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனாலும் என் வாய் கேட்டுவிட்டது: "போர்மேன் என்ன சொன்னாரு?"

"வயசு எம்புட்டுன்னு கேட்டாரு."

அந்த அம்மா என்னை வேப்பமரத்து நிழலுக்குக் கூட்டிப் போனார். "மிசின் வருது, மிசின் வருதுன்னு எங்ககிட்டயும் சொல்லிக்கிட்டேதான் இருக்காக டீச்சர். நான் வேலைக்குச் சேந்த வருசமே ஒருத்தர் வந்து, வெடிக்குக் காகிதக் கொளா உருட்டுறதுக்கு மிசின் வந்திருச்சு, இனி கையில உருட்டுறவுகளுக்கு வேலை இல்லன்னாரு. எங்க மொதலாளி வாங்குனாரு. அது உருட்டுனதுல பாதி கோணலு. கோணல நிமித்த ரெண்டு பேரு, மிசினத் தொடைக்க ஒருத்தரு, அது நின்னுபோனா தட்ட ஒருத்தருன்னு ஆள் கூடித்தான் போச்சு."

"அப்ப அவரு சொன்னது பொய்யி."

"அதான் இல்ல. அதே ஆளு பக்கத்துக் கம்பெனிக்கு வேற ஒரு மிசின் வித்தாரு. அதுக்கும் அதேதான் சொன்னாரு. அங்கன நெசமாவே எங்க சித்தி வேலை போச்சு."

இதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒரே ஆள், ஒரே பேச்சு, ஒரே லாபம். ஒரு தடவை பொய், ஒரு தடவை மெய். "அப்ப எப்பிடித்தாம்மா கண்டுபிடிக்கிறது?" என்றேன்.

அவர் இதை ஒரு பெரிய கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "புதுசா ஒரு வெடி போட்டா, மைதானத்துல வச்சிப் பத்த வச்சிப் பாப்பாகல்ல? 'ஒண்ணும் ஆகாது, கிட்டப் போ, கிட்டப் போ'ன்னு சொல்ற ஆளு வாயப் பாக்கக் கூடாது டீச்சர். அவரு எங்கன நிக்காருன்னு பாக்கணும்" என்றார். பிறகு, "அக்டோபர் வரைக்கும் அந்த எடம் காலியாத்தான் இருக்கும், யோசிச்சுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் கோட்டுக்காரர் மறுபடியும் வந்தார். எல்லா வகுப்புக்கும் பெட்டி வாங்க தாளாளரிடம் கையெழுத்து வாங்குவதற்காக. இந்தத் தடவை கோட்டைப் போடவில்லை, கையில் மடித்து வைத்திருந்தார். அதே பத்தாம் வகுப்பு 'பி'. அதே மேய்ப்பர் துணி. அதே கோடு, இன்னும் கொஞ்சம் உயரமாக.

நான் எழுந்து நின்றேன். "சார், ஒங்களுக்குப் புள்ளைக இருக்கா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், காலையிலிருந்து அவரிடம் யாரும் அப்படி எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். "ஒரு பொண்ணுங்க மேம். நாலாவது படிக்குது."

"எந்த மாதிரி ஸ்கூலு?"

"ரொம்ப நல்ல ஸ்கூலுங்க. ஒரு கிளாஸ்ல இருபது பேர்தான். ஒவ்வொரு குழந்தையையும் டீச்சர் பக்கத்துல உட்கார்ந்து தனித்தனியா கவனிக்கறாங்க. அதுக்காகவே நாங்க வீடு மாத்திட்டுப் போனோம்ங்க."

தான் சொன்னது தன் காதிலேயே விழ அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அதாவது... இப்போதைக்குங்க" என்றார்.

"ரெண்டு வருசத்துக்கா?" என்றார் கணக்கு டீச்சர்.

பி.டி. சார் எழுந்தார். அவர் எதையும் போட்டியாக்கினால்தான் நிம்மதியடைவார். "சார், ஒரு பந்தயம். ரெண்டு வருசம் கழிச்சு இந்த ரூம்ல டீச்சர் இல்லன்னா, நாங்க அத்தன பேரும் சேந்து ஒங்களுக்கு பிரியாணி போடுதோம். டீச்சர் இருந்தா நீங்க எங்களுக்குப் போடணும். மட்டன்."

கணக்கு டீச்சர் உடனே ஒரு தாளில் அதைத் தேற்றம் எழுதுவதுபோல் எழுதினார். 'கொடுக்கப்பட்டது: இரண்டு வருடம். நிரூபிக்க வேண்டியது: பிரியாணி.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு நீட்டினார். கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கினார். படிக்கப் படிக்கச் சிரிப்பு குறைந்தது. "ஒரு நிமிஷம்ங்க, ஹெட் ஆபீஸ்ல கேட்டுக்கறேன்" என்று வெளியே போனார். வேப்பமரத்தடியில் நடந்துகொண்டே பேசுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. திரும்பி வந்தார்.

"எதிர்காலத்தைப் பத்தி எழுத்துல எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்றாங்க."

"வாயால?"

"வாயால எவ்வளவு வேணும்னாலும் சொல்லலாம்ங்க."

அவர் பொய்யான மனிதர் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். மத்தியானம் எங்களோடு ஆசிரியர் அறையில்தான் சாப்பிட்டார். என் தயிர் சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "பெட்டி நெசமாவே நல்ல பெட்டிதாங்க மேம். எம் பொண்ணுகூட வீட்ல அதுகிட்டக் கதை கேக்குது. அந்த ரெண்டு வருஷம்தான்... அது எங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லிக் கொடுத்ததுங்க. ஒரு வருஷம்னா நம்ப மாட்டாங்க. அஞ்சு வருஷம்னா வாங்க மாட்டாங்க."

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. அந்தப் போன கோபத்துக்கு வேறு ஓர் இடம் உடனே கிடைத்தது. ஏனென்றால் பி.டி. சார் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு ஆரம்பித்துவிட்டார்.

"சார், நீங்களும் ஒரு சைடு வருமானம் பாத்துக்கிடணும். கோயம்புத்தூருக்கே அனுப்பி வைப்போம். இன்னும் ரெண்டு வருசத்துல ஒருத்தரும் பிராய்லர் கோழி திங்க மாட்டாக. எல்லாம்..."

"வான்கோழிங்களா? நல்லாருக்குமே" என்றார் கோட்டுக்காரர். விற்கிற ஆளுக்குத்தான் விற்கிற ஆளிடம் என்ன கேட்கவேண்டும் என்று தெரியும் போலிருக்கிறது. சாதாரணமாகத்தான் கேட்டார்: "உங்க வீட்ல எத்தனைங்க சார் வளக்கறீங்க?"

பி.டி. சார் என் பக்கம் பார்க்காமல் சொன்னார். "எங்க வீட்ல எடம் இல்ல சார்."

நான் கையில் எடுத்த சாத உருண்டையை அப்படியே வைத்தேன். இரண்டு மாதமாக என் வீட்டில் ஆமென் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு மாதத்தில் நான் இதை ஒரு தடவையாவது கேட்டேனா? கேட்டிருந்தால் அவர் மறைத்திருக்கவும் மாட்டார். கணக்கு டீச்சர் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணாடி கழன்று சாம்பாரில் விழுந்தது.

தாளாளர் எல்லா வகுப்புக்கும் வாங்கவில்லை. ஒரே ஒரு பெட்டி வாங்கினார். நான் கம்பெனியின் பயிற்சிப் படிவத்தை நிரப்பவில்லை. பேக்கிங் வேலைக்கும் போகவில்லை. வான்கோழிகளுக்கு மட்டும் ஒரு வழி செய்யவேண்டியிருந்தது. அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் ஆளுக்கொரு காணிக்கை கொண்டுபோவோம். பூசணி, நெல், ஆடு, சேவல் என்று வரும், ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம் விடுவார்கள். நான் நான்கு வான்கோழிகளையும் மனப்பூர்வமாக ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டேன். ஏலம் நடக்கும்போது நான் பெண்கள் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மூன்று போயிற்று. நாலாவதை யாரும் கேட்கவில்லையாம். மைக்கில் ஏலம் விடுகிறவர் "ஆண்டவருக்குக் கொடுத்தத அப்படியே நிக்க விடலாமா?" என்று உருக்கமாகக் கேட்டாராம். வீட்டுக்குப் போனால் என் கணவர் வாசலில் நிற்கிறார். கையில் கால் கட்டின வான்கோழி.

"எல்லாரும் சும்மா நின்னாக" என்றார். "எனக்கு ஒருமாதிரி ஆயிருச்சு."

கணக்கு டீச்சர் சொன்னபடி மே மாதம் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை. கடிதம் போகிறது, வருகிறது, ஆள் வரவில்லை. ஆகவே அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புக் கணக்கில் வாரத்துக்கு மூன்று பாடவேளை பெட்டிதான் எடுத்தது. கோட்டுக்காரர் சொன்னது அந்த ஓர் அறையில், அந்த மூன்று பாடவேளையில் பலித்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். அவர் சொன்ன காரணத்தால் இல்லை, அவ்வளவுதான்.

பெட்டி நன்றாகத்தான் நடத்தியது. பத்துத் தடவை கேட்டாலும் கோபப்படாமல் சொல்லும். ஆனால் ஒரே மாதத்தில் பிள்ளைகள் அதன் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அது ஒரு விடையைச் சொன்னதும் ஒருவன் எழுந்து, "உறுதியா?" என்று கேட்பான். "மன்னிக்கவும், மறுபடி சரிபார்க்கிறேன்" என்று அது விடையை மாற்றும். இன்னொருவன் "உறுதியா?" என்பான். மறுபடியும் மன்னிப்பு. மணி அடிக்கும்போது ஏழு எட்டு எத்தனை என்பதே பெட்டிக்குச் சந்தேகமாகியிருக்கும். அந்தப் பழக்கத்தில் என் வகுப்புக்கும் வந்து, "உறுதியா டீச்சர்?" என்றார்கள். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் ஒரு தடவை சந்திப்பிழை ஒன்றில் அவர்கள் கேட்ட பிறகுதான் புத்தகத்தைப் பார்த்தேன். நான் சொன்னது தப்பு.

பெட்டி எனக்குச் செய்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டறிக்கையை அதுதான் எழுதிக் கொடுத்தது. தலைமையாசிரியர் படித்துவிட்டு, "ஒங்க நடை எவ்வளவு முதிர்ந்துபோச்சு" என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேப்பமரத்தடியில் எனக்கு வேலை பார்த்துக் கொடுத்தாரே, அந்த அம்மாவின் மகள், மத்தியான இடைவேளைகளில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து நாக்கை மடிக்கப் பழகி, மாவட்டப் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினாள். உச்சரிப்பு யார் சொல்லிக் கொடுத்தது என்று நடுவர் கேட்டாராம். "எங்க தமிழ் டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். அதையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் இந்த ஜூனோடு முடிந்தது. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு என்னைத்தான் மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா படிவத்தை வாங்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். இவள மேல படிக்க வைக்கவா, தையல் கிளாசுக்கு அனுப்பவா? படிச்சு வந்து நிக்கும்போது வேலை எல்லாத்தையும் கம்ப்யூட்டரே செஞ்சிருமாமே."

"படிக்க வையுங்க. படிச்சா நல்லா வருவா" என்றேன். யோசிக்கவே இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வாக்கியம்.

அவர் சிரித்தார். குத்தல் எதுவும் இல்லாத சிரிப்பு. "ஒங்களுக்கு அதுலதான டீச்சர் சம்பளம்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. எத்தனை பிள்ளைகளிடம், எத்தனை அம்மாக்களிடம் இதைச் சொல்லியிருப்பேன்! படித்தால் நல்லா வருவ. அதுவும் ஒரு ஆரூடம்தான் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. பிள்ளைகள் வரவில்லையென்றால் எங்கள் பிரிவை மூடிவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும்.

"ஆமாம்மா. அதுலதான் சம்பளம்" என்றேன். "இவ படிச்சு முடிக்கிறப்ப என்ன வேலை இருக்கும், என்ன இருக்காதுன்னு எனக்கு நெசமாவே தெரியாது. தெரியும்னு சொன்னா நம்பாதீக. இவளுக்குப் படிக்கப் பிடிச்சிருக்கு. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

அம்மா மகளைப் பார்த்தார். மகள் ஏற்கெனவே என் பேனாவை எடுத்துப் படிவத்தில் தன் பெயரை எழுத ஆரம்பித்திருந்தாள்.

"எந்த குரூப்பு?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர், டீச்சர்."

"ஏன்?"

"சும்மாதான் டீச்சர். எல்லாரும் அதப் பத்திச் சொல்றாக. யாருமே அதத் தொறந்து பாத்தவுக மாதிரி தெரியல."

அம்மா கையெழுத்துப் போடும்போது வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. கடைசி எழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். மகள் அதற்கு ஒரு கால் போட்டு முடித்து என்னிடம் நீட்டினாள். வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்து ஒருவர் மகனோடு வந்து உட்கார்ந்தார். அவனுக்கு எந்த குரூப்பும் பிடிக்கவில்லையாம்.